புது சர்வருக்கு மாறிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது எப்படி?

பல வருடம் ஓடிக் களைத்த டேட்டாபேஸ் சர்வரைப் புது ஹார்டுவேருக்கு மாற்றும்போது டேட்டாவே தொலைந்துபோவது அபூர்வம். அதைத்தான் எல்லோரும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்களே. கூட வராமல் நின்றுவிடுவது டேட்டாவைச் சுற்றியிருந்தவை: யாரோ எப்போதோ மாற்றிய செட்டிங், யூசர் உரிமைகள், கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) எழுதி வைத்த நாலு வரி, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அகரவரிசை விதி, பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கார்டிலிருந்த பேட்டரி. மாறிய மறுநாள் வரும் புகார்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்றில் போய் முடியும்.

லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸை மனதில் வைத்து எழுதுகிறேன். இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான். அப்ளிகேஷன் எந்த வழியாக டேட்டாபேஸுக்குப் போகிறதோ, அதே வழியாகப் போய் சர்வரின் பதிப்பையும் ஐபி முகவரியையும் கேளுங்கள். புது சர்வர் என்று நினைத்துக்கொண்டு பழைய சர்வரையே குடைந்துகொண்டிருப்பது நடக்காத கதையல்ல. அதோடு, பழைய சர்வரின் கான்ஃபிக் ஃபைல்கள், அனுமதிப் பட்டியல் ஃபைல், எல்லா யூசர்களின் கிரான்டேப் (கிரான் வேலைப் பட்டியல்), மவுன்ட் பட்டியல் (எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் இணைந்திருக்கிறது என்பது) இவற்றை ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அங்கேயே இருக்கும்.

காப்பி நகரவே மாட்டேன் என்கிறது

வேகம் நொடிக்கு 11 எம்பி என்ற இடத்தில் அசையாமல் நின்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படாதீர்கள். அது 100 மெகாபிட் நெட்வொர்க்கின் உச்சவரம்பு. ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்றால் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஈத்டூல் கமாண்ட் கொடுத்துப் பார்த்தால் ஒரு வரியில் தெரியும். 500 ஜிபி டேட்டா ஜிகாபிட்டில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேரும். 100 மெகாபிட்டில் பன்னிரண்டு மணி நேரம் தாண்டும். இரவில் எடுத்த டவுன்டைம் மறுநாள் மதியம் வரை இழுத்துக்கொண்டு போவது இப்படித்தான்.

சர்வீஸ் எழவில்லை

லாக்கில் 'பெர்மிஷன் டினைட்' என்றால் இரண்டு வகை. டேட்டா டைரக்டரியின் அனுமதி 0700 அல்லது 0750 ஆக இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் கிளம்பாது. இதை லாக்கே தெளிவாகச் சொல்லிவிடும். ஓனர் சரி, அனுமதி சரி, ஆனாலும் முடியாது என்றால் காரணம் எஸ்இலினக்ஸ், அதாவது எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று லேபிளை வைத்துத் தீர்மானிக்கும் லினக்ஸின் காவல். டேட்டாவைப் புதிதாக ஒரு டிஸ்க்கில் வேறு பாதையில் வைத்தால் அந்த ஃபைல்களுக்கு டேட்டாபேஸுக்கு உரிய லேபிள் இருக்காது. அந்தப் பாதைக்கு விதி சேர்த்துவிட்டு, லேபிளை மறுபடி ஒட்டும் ரீஸ்டோர்கான் ஓட்டினால் தீர்ந்தது. எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுங்கள் என்று சொல்வோர் உண்டு. ஒரு கமாண்டில் முடிகிற வேலைக்கு அது வேண்டாம். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் என்றால் இதே வேலையைச் செய்வது ஆப்ஆர்மர்.

'வேலிட் செக்பாயின்ட் ரெக்கார்டு' கிடைக்கவில்லை என்று வந்தால் விஷயம் வேறு. பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேட்டா டைரக்டரியை ஆர்சிங்க் கருவியால் காப்பி செய்திருப்பார்கள். இதற்கு வால் லாக்கை (மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் குறிப்பேடு) ரீசெட் செய்யும் கருவி ஒன்று இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். சர்வர் எழுந்துவிடும், உள்ளே எது முழுசு எது அரைகுறை என்று அதன்பின் யாராலும் சொல்ல முடியாது. பழைய சர்வர் உயிரோடுதானே இருக்கிறது? அதை நிறுத்திவிட்டு மறுபடி காப்பி செய்யுங்கள், அல்லது ஓடும் சர்வரையே முறையாகக் காப்பி எடுக்கும் பிஜி பேஸ்பேக்கப் கருவி வழியாக எடுங்கள்.

உள்ளே விட மறுக்கிறது

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பாஸ்வேர்டு வரைக்கும் விஷயம் போகவே இல்லை. போஸ்ட்கிரெஸ் இயல்பாக லோக்கல்ஹோஸ்டில் மட்டும்தான் காது கொடுக்கும். லிசன் அட்ரஸஸ் செட்டிங்கைப் பாருங்கள். பதிலே வராமல் தொங்கி நின்றால் ஃபயர்வால், 5432 போர்ட்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுத்தால், 14-ஆம் பதிப்பிலிருந்து பாஸ்வேர்டு சேமிக்கும் இயல்பு முறை எம்டி5-லிருந்து ஸ்க்ராமுக்கு மாறியிருப்பதை நினைவில் கொள்ளுங்கள். பழைய அப்ளிகேஷனின் டிரைவருக்கு (டேட்டாபேஸோடு பேசும் நிரல்) ஸ்க்ராம் தெரியாது. டிரைவரைப் புதுப்பிப்பதே சரியான வழி. இன்றிரவே ஓட வேண்டும் என்றால் அந்த ஒரு யூசருக்கு மட்டும் எம்டி5 முறையில் பாஸ்வேர்டை மறுபடி வைக்கலாம். மைஎஸ்க்யூஎல் 8.0-லும் இதே கதைதான்: இயல்பு முறை மாறியது. 8.4-ல் பழைய முறையை அணைத்தே வைத்திருக்கிறார்கள், 9.0-ல் அது இல்லவே இல்லை.

யூசரே இல்லை என்று வந்தால், டேட்டாவை ஃபைலாக எடுக்கும் பிஜி டம்ப் கருவி ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும் என்பது காரணம். யூசர்களும் ரோல்களும் சர்வர் அளவில் இருப்பவை. அவற்றை பிஜி டம்ப்ஆல் கருவியில் 'குளோபல்ஸ் ஒன்லி' கொடுத்துத் தனியாக எடுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் டம்பிலும் ஸ்டோர்டு புரொசீஜர்களும் ஈவென்ட்களும் கேட்டால்தான் வரும். ட்ரிகர் மட்டும் கேட்காமலே வரும்.

உள்ளே போனபின் 'பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்' என்றால் 15 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்புக்கு வந்திருக்கிறீர்கள். முன்பெல்லாம் பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்களை வைக்கும் பொது அறை) யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம். 15-ல் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸில் அந்த உரிமை கிடையாது. அப்ளிகேஷன் யூசருக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுங்கள், எல்லோருக்கும் திறந்துவிட வேண்டாம்.

புது மெஷின், ஆனால் பழையதைவிட மெதுவாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். எது மெதுவாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்: படிப்பதா, எழுதுவதா, எல்லாமுமா?

படிப்பது மெதுவாக இருந்தால் புள்ளிவிவரம் இல்லாததே முதல் சந்தேகம். எந்த டேபிளில் எத்தனை வரி, எந்த மதிப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று டேட்டாபேஸ் வைத்திருக்கும் கணக்கைப் பார்த்துத்தான் குவெரி பிளான் போடப்படுகிறது. டம்ப் எடுத்து ரீஸ்டோர் செய்தால் வழக்கமாக அந்தக் கணக்கு வராது. 18-க்கு முந்தைய பதிப்புகளில், பதிப்பை உயர்த்தும் பிஜி அப்கிரேடும் கொண்டுவராது. பின்னணியில் ஓடும் ஆட்டோவேக்யூம் மெல்ல மெல்லச் சேர்த்துவிடும், ஆனால் காலையில் வரும் கூட்டம் அதுவரை காத்திருக்காது. டேபிள்களைத் திறந்துவிடும் முன்பே முழு டேட்டாபேஸுக்கும் அந்தக் கணக்கை எடுக்கும் அனலைஸ் ஓட்டுங்கள். ஒரு குவெரியை எடுத்து எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கொடுத்துப் பாருங்கள்: எதிர்பார்த்தது 1 வரி, வந்தது 80,000 வரி என்கிற மாதிரி இருந்தால் இதுதான் நோய்.

அடுத்தது செட்டிங். புது சர்வரில் 128 ஜிபி மெமரி போட்டிருப்பீர்கள். டேட்டாபேஸ் தன் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர்ஸ் இன்னும் இயல்பு அளவான 128 எம்பியில் இருக்கும். மைஎஸ்க்யூஎலின் இன்னோடிபி பஃபர் பூலுக்கும் இயல்பு அளவு அதே 128 எம்பிதான். போஸ்ட்கிரெஸுக்கு மொத்த மெமரியில் கால்பங்கிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். சுழலும் டிஸ்க்குக்காக வைத்த ரேண்டம் பேஜ் காஸ்ட் (டிஸ்க்கில் ஆங்காங்கே படிக்க ஆகும் செலவின் மதிப்பீடு) 4 என்பது எஸ்எஸ்டிக்குப் பொருந்தாது. இண்டெக்ஸ் இருந்தும் முழு டேபிளையும் வாசிக்கும். 1.1 என்று வைத்துப் பாருங்கள்.

எழுதுவது மட்டும் மெதுவாக இருந்தால் கதை சுவாரசியமானது. ஒவ்வொரு கமிட்டின்போதும் (மாற்றத்தை உறுதிசெய்யும் கட்டளை) டேட்டாபேஸ் எஃப்சிங்க் கேட்டு, 'டிஸ்க்கில் நிஜமாகவே எழுதியாயிற்று' என்ற உறுதி வரும்வரை காத்திருக்கும். பழைய சர்வரின் ரெய்டு கார்டில் பேட்டரியோடு கூடிய கேஷ் இருந்திருக்கும். மெமரியில் வாங்கிவைத்த உடனேயே 'ஆயிற்று' என்று சொல்லிவிடும். கரன்ட் போனாலும் பேட்டரி காப்பாற்றும் என்பதால் அது பொய்யில்லை. புதிதாக வாங்கிய எஸ்எஸ்டி சாதாரண மேசைக் கணினிக்கானது என்றால் அதில் மின்தடைக் காப்பு கெப்பாசிட்டர் இருக்காது. ஒவ்வொரு முறையும் நிஜமாக எழுதி முடித்தாக வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் வேகம் இந்த மாதிரிச் சின்னச் சின்ன எழுத்துக்கானதே அல்ல.

பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சின்னக் கருவி போஸ்ட்கிரெஸோடே வருகிறது. இரண்டு சர்வரிலும் ஓட்டி எண்களை ஒப்பிடுங்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 சுற்று, ஆகவே நேர்மையாக எழுதினால் நொடிக்குச் சுமார் 120 எஃப்சிங்க். பேட்டரி இல்லாத அப்படிப்பட்ட டிஸ்க் ஆயிரக்கணக்கில் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். எங்கேயோ ஒரு கேஷ் பொய் சொல்கிறது.

இதற்குத் தீர்வாக எஃப்சிங்க் செட்டிங்கையே அணைக்கச் சொல்லும் அறிவுரை எங்காவது கண்ணில் படும். கூடவே கூடாது, கரன்ட் போனால் டேட்டாபேஸே சிதைந்துபோகலாம். டிஸ்க்கின் உறுதிக்குக் காத்திருக்கச் சொல்லும் சிங்க்ரனஸ் கமிட்டை அணைப்பது அவ்வளவு மோசமில்லை: கடைசி சில கமிட்கள் போகலாம், மிச்சம் உருப்படியாக இருக்கும். பணம் சம்பந்தப்பட்ட டேட்டாவுக்கு அதுவும் வேண்டாம், நல்ல டிஸ்க் வாங்குங்கள். புது சர்வரிலும் ரெய்டு கார்டு இருந்தால், பேட்டரி செத்துக் கேஷ் தானாகவே ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும் முறை) போயிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

எல்லாமே சற்று மந்தம் என்றால் பயாஸில் மின்சாரம் சேமிக்கும் மோடையும், சிபியுவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரையும் பாருங்கள்.

இருக்கிற ரெக்கார்டைத் தேடினால் இல்லை என்கிறது

பெயரைக் கொடுத்துத் தேடினால் வரவில்லை, ஐடியைக் கொடுத்தால் வருகிறது. அல்லது யூனிக் இண்டெக்ஸ் இருக்கும் நெடுவரிசையில் ஒரே மின்னஞ்சல் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. இந்த அறிகுறியைக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைக் கவனியுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு மணி நேரமும் சேதம் கூடுகிறது.

காரணம் டேட்டாபேஸில் இல்லை, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கும். 2018 ஆகஸ்ட்டில் வந்த ஜிலிப்சி 2.28-ல் அந்த வரிசை பல மொழிகளுக்கு மாறியது. டெபியன் 9-லிருந்து 10, ரெட்ஹேட் 7-லிருந்து 8, உபுண்டு 18.04-லிருந்து 20.04 போனவர்கள் இந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள். டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி செய்தாலோ ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா (தொடர்ந்து நகலெடுத்துக்கொண்டிருக்கும் சர்வர்) வழியாக மாறினாலோ, இண்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும், தேடுவது புது வரிசைப்படி நடக்கும். தேடல் தவறான கிளையில் இறங்கி, 'இல்லை' என்று திரும்பிவரும். டம்ப், ரீஸ்டோர் செய்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படுகிறது.

உறுதி செய்ய ஒரு செஷனில் இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் அணைத்துவிட்டு அதே குவெரியை ஓட்டுங்கள். இப்போது ரெக்கார்டு வந்தால் சந்தேகமே இல்லை. எல்லா இண்டெக்ஸையும் சோதிக்க ஆம்செக் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. சரிசெய்ய, டெக்ஸ்ட் நெடுவரிசை வரும் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள். எண், தேதி இண்டெக்ஸ்களுக்கும் 'சி' கொலேஷன் (பைட் மதிப்புப்படி அடுக்கும் விதி) கொண்டவற்றுக்கும் தேவையில்லை. யூனிக் இண்டெக்ஸில் இரட்டைப் பதிவு நுழைந்திருந்தால் ரீஇண்டெக்ஸ் பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். எதை வைத்துக்கொள்வது எதை நீக்குவது என்று அப்ளிகேஷன் தெரிந்தவரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

15-ஆம் பதிப்பிலிருந்து 'கொலேஷன் வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று எச்சரிக்கை வருகிறது. அதற்குக் கீழேயே 'ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன்' என்ற கமாண்டையும் காட்டும். அதை மட்டும் ஓட்டினால் எச்சரிக்கை போய்விடும், நோய் அப்படியே இருக்கும். ரீஇண்டெக்ஸ் முதலில்.

தமிழ் எழுத்து குப்பையாகத் தெரிகிறது

இது பெரும்பாலும் பழைய மைஎஸ்க்யூஎலிலிருந்து வருபவர்களுக்கு. 5.7 வரை இயல்பு கேரக்டர் செட் லத்தீன்1. அப்ளிகேஷன் யுடிஎஃப்-8 பைட்களை அந்த லத்தீன்1 டேபிளில் திணித்து, அதே மாதிரி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கும். இத்தனை வருடம் யாருக்கும் தெரியாது. டம்ப் எடுக்கும்போது லத்தீன்1-லிருந்து யுடிஎஃப்-8 ஆக ஒருமுறை மாற்றப்படும், இரட்டை வேடம் கலைந்துவிடும்.

'அ' என்ற ஒரே எழுத்து இருக்கும் ஒரு வரியை எடுத்து எழுத்து நீளமும் பைட் நீளமும் கேளுங்கள். 1 எழுத்து, 3 பைட் என்றால் டேட்டா சரி, அப்ளிகேஷனின் கனெக்ஷன் கேரக்டர் செட்டைப் பாருங்கள். 3 எழுத்து, 7 பைட் என்றால் இருமுறை மாறியிருக்கிறது, மீட்கலாம். 1 எழுத்து, 1 பைட் என்றால் அங்கே இருப்பது வெறும் கேள்விக்குறி, அந்தக் காப்பியில் டேட்டா போய்விட்டது. இரண்டாவது வகைக்கு, பழைய சர்வரில் கேரக்டர் செட் லத்தீன்1 என்று சொல்லி, செட் நேம்ஸ் வரி இல்லாமல் டம்ப் எடுங்கள். டம்ப் ஃபைலில் டேபிள் வரையறைகளை மட்டும் யுடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றி, அதே யுடிஎஃப்8எம்பி4 கனெக்ஷனில் ஏற்றுங்கள்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வந்து டேபிளே இல்லை என்றால் அது பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சண்டை. மைஎஸ்க்யூஎல் 8.0-ல், டேபிள் பெயரில் அந்த வித்தியாசம் பார்ப்பதா என்ற செட்டிங்கைச் சர்வரை முதன்முதலாக உருவாக்கும்போதுதான் வைக்க முடியும்.

'டூப்ளிகேட் கீ' என்று புது ரெக்கார்டு ஏற மறுக்கிறது

லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் (வரிகளின் மாற்றங்களை மட்டும் அனுப்பும் முறை) மாறியிருக்கிறீர்கள். வரிகள் வந்துவிட்டன, புது ஐடி கொடுக்கும் சீக்வென்ஸ் எண்கள் வரவில்லை. 1-லிருந்து எண்ண ஆரம்பித்திருக்கும். ஒவ்வொரு சீக்வென்ஸையும் அந்தந்த டேபிளின் அதிகபட்ச ஐடிக்கு மேலே நகர்த்தி வையுங்கள்.

நேரம் சில மணி தள்ளிக் காட்டுகிறது

புது சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) நிறுவப்பட்டிருக்கும். டைம்சோன் உள்ள நெடுவரிசைகளில் டேட்டா பத்திரம், காட்டுவதுதான் மாறியிருக்கிறது. டைம்சோன் இல்லாத நெடுவரிசைகளில் இன்று ஏறும் வரிகள் தவறான நேரத்தோடு ஏறுகின்றன. உடனே மாற்றுங்கள், மாற்றிய நேரத்தைக் குறித்து வையுங்கள். இடைப்பட்ட வரிகளைப் பிறகு திருத்த அது வேண்டும். இரவு 2 மணி பேக்கப் விடிந்த பிறகு ஓடுகிறது என்றாலும் இதே காரணம்.

பேக்கப் ஃபைல் 20 பைட்

ஒன்றுமே இல்லாததை ஜிசிப் செய்தால் வருவது சரியாக 20 பைட். பிஜி டம்ப் தோற்றிருக்கிறது, அதன் வெளியீட்டை வாங்கிய ஜிசிப் தன் வேலையை ஒழுங்காக முடித்து 'வெற்றி' என்று சொல்லியிருக்கிறது. ஷெல் கடைசிக் கமாண்டின் முடிவைத்தான் பார்க்கும். ஸ்கிரிப்டின் தலையில், நடுவில் எது தோற்றாலும் தோல்வி என்றே சொல்லவைக்கும் பைப்ஃபெயில் போடுங்கள். பழைய பேக்கப்களை நீக்கும் வரி, புதிய பேக்கப் தேறிய பிறகு மட்டும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் வெற்று ஃபைல்கள் சேரச் சேர நல்லவை ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருக்கும்.

டம்ப் ஏன் தோற்றது? சர்வர் புதிது, பேக்கப் எடுக்கும் மெஷினில் பிஜி டம்ப் பழசு. தன்னைவிடப் புதிய மேஜர் பதிப்பு சர்வரை அது டம்ப் எடுக்க மறுத்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று, கோட் சேமிக்கும் தளமான கிட்லேப் மாட்டிக்கொண்டது இதில்தான். டேட்டாபேஸ் 9.6, ஓடியது 9.2 பிஜி டம்ப். தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் டிமார்க் என்ற மின்னஞ்சல் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. தவறுதலாக டேட்டா டைரக்டரி அழிக்கப்பட்ட அந்த இரவில்தான் பேக்கப் இல்லை என்பதே தெரிந்தது. வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் இருந்ததால் இழப்பு சுமார் 6 மணி நேர டேட்டாவோடு நின்றது. நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டார்கள். ஆகவே தோற்றால் மெயில் என்பதைவிட, 'இன்றைய பேக்கப் வந்ததா, நேற்றைய அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா' என்று வேறொரு மெஷின் போய்க் கேட்பதே நம்பத் தகுந்தது.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

கிரானுக்குக் கிடைக்கும் பாத் (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) மிகச் சுருக்கமானது. கமாண்டுகளுக்கு முழுப் பாதை கொடுங்கள். பாஸ்வேர்டு ஃபைலின் அனுமதி 0600-ஐவிடத் தளர்வாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் அதைக் கண்டுகொள்ளாது. மூன்றாவதுதான் வேடிக்கை: கிரான்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். ஃபைல் பெயரில் தேதி சேர்க்கும் எல்லோரும் சதவீதக் குறி போடுவார்கள். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு வையுங்கள், அல்லது முழுவதையும் ஸ்கிரிப்டுக்குள் தள்ளுங்கள்.

டிஸ்க் நிரம்பி சர்வர் நின்றது

ரூட் டிஸ்க் நிரம்பினால், பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகாமலே ரீபூட் ஆகியிருக்கிறது. ஸ்கிரிப்ட் வெற்று ஃபோல்டருக்குள் எழுதிக்கொண்டே போயிருக்கிறது. எழுதும் முன் அது மவுன்ட்தானா என்று கேட்கும் ஒரு வரி போதும்.

வால் லாக் இருக்கும் பிஜி வால் ஃபோல்டர் வீங்கியிருந்தால் அதற்குள் கைவைத்து எதையும் அழிக்காதீர்கள். அந்த லாக்கை வேறிடத்துக்கு எடுத்துவைக்கும் ஆர்கைவ் கமாண்ட் தோற்றால் அந்த 16 எம்பி ஃபைல்களைப் போஸ்ட்கிரெஸ் விடாமல் பிடித்து வைத்திருக்கும். பிஜி ஸ்டாட் ஆர்கைவர் வியூவில் தோல்வி எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். ஆர்கைவ் போகும் இடம் இன்னும் பழைய பெயரில் இருக்கலாம். அது சரி என்றால், மாறும்போது உருவாக்கிய ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை (நகல் சர்வருக்காக வால் ஃபைல்களைப் பிடித்துவைக்கும் பதிவு) யாரோ நீக்க மறந்திருக்கிறார்கள். நீக்கிவிட்டால் அடுத்த செக்பாயின்ட்டில் இடம் திரும்பிவரும்.

பேக்கப் தினமும் வருகிறது, ஆனால் உள்ளே டேட்டா மாறிய தேதியோடு நிற்கிறது

அளவு சரி, தேதி சரி, ரீஸ்டோரும் ஆகிறது. அதனால்தான் இது எளிதில் சிக்காது. பட்டியலை மட்டும் காட்டச் சொல்லிச் சோதிப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. தற்காலிக டேட்டாபேஸில் முழுதாக ரீஸ்டோர் செய்து, அதிகம் எழுதப்படும் டேபிளின் கடைசி வரி எந்த நேரத்தது என்று கேட்டால்தான் வெளிவரும். வாரம் ஒருமுறையாவது இதைத் தானியங்கியாக ஓடவிடுங்கள்.

காரணம் பழைய சர்வர். அதன் கிரானை யாரும் நிறுத்தவில்லை. இரண்டு சர்வரும் ஒரே பேக்கப் ஃபோல்டரில் ஒரே பெயரில் எழுதுகின்றன. பின்னால் முடிப்பது மற்றதன் மேல் எழுதிவிடுகிறது. பெரும்பாலும் பின்னால் முடிப்பது மெதுவான பழையது.

பழையதன் கிரானை நிறுத்தியதும் அங்கே கனெக்ஷன் லாக்கையும் ஆன் செய்து வையுங்கள். டிஎன்எஸ் மாறியும் பழைய ஐபியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கனெக்ஷன் பூலோ, ஐபியையே நேரடியாக எழுதிய ரிப்போர்ட் ஸ்கிரிப்டோ அதில் பெயரோடு தெரியும். எழுதும் கனெக்ஷன் ஏதாவது இருந்தால், அந்த வரிகளைப் புது சர்வரில் தனி ஸ்கீமாவுக்குள் ஏற்றி ஒப்பிடுங்கள். ஐடிகள் மோதும் என்பதால் நேரடியாகக் கலக்காதீர்கள். ஒரு மாதக்கணக்கு முடியும் வேலைகளும் ஓடி, லாக்கில் யாரும் வரவில்லை என்றால் சர்வீஸை நிறுத்தி, பூட்டில் தானாக எழாதபடி செய்யுங்கள். டிஸ்க்கைத் துடைப்பது, புது சர்வரின் பேக்கப்பிலிருந்து ஒரு முழு ரீஸ்டோர் தேறிய பிறகு.